தூங்குது, செத்துப்போச்சு, கிள்ளுது

2024 ஏப்ரலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த வாரத்தில்தான் என் கம்ப்யூட்டர் முதல் தடவை நின்றது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பகலில் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை. ராத்திரியில் மண்ணடியில் இருக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டுக்கு பேக்கிங் லிஸ்ட்களை எக்ஸெலில் அடித்துக் கொடுப்பேன். அன்றைக்கு 118 வரிசை. நூறைத் தாண்டியபோது திரை இருண்டது. சத்தமில்லை, எச்சரிக்கையில்லை. இரண்டு நொடியில் மறுபடி முதலிலிருந்து ஆன் ஆகி, ஒன்றுமே நடக்காத மாதிரி கடவுச்சொல் கேட்டது.

அதிலிருந்து தினமும் ஏதாவது ஒன்று. ஒரு நாள் இதே மாதிரி அணைந்து எழும். இன்னொரு நாள் அணையாது, அப்படியே உறைந்து நிற்கும். யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொன்னேன்: “சிஸ்டம் ஹேங் ஆகுது.” அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது. ஒரு மாதமும் ஆயிரத்து நானூறு ரூபாயும் அந்த ஒரு சொல்லில் போயின.

வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில், முதல் மாடி. கம்ப்யூட்டர் 2015-ல் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி ரேம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். ஒன்பது வருடம் ஓடிய வண்டி என்பதால் எல்லாரும் முதலில் சொன்னது, தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கு என்பதுதான். வாங்கலாம்தான், யார் காசு கொடுப்பது?

முதலில் ஒரு பையனைக் கூப்பிட்டேன். வந்தான், “வைரஸ்ணா, ஃபார்மட் பண்ணிடலாம்” என்றான். விண்டோஸை அழித்து மறுபடி போட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். பத்து நாள் உறைதல் குறைந்தது. அப்புறம் பழைய கதை. அடுத்து, நம் ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் செய்யும் வைத்தியம்: ரேமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மூன்று நாள் நன்றாக ஓடியது. அந்த மூன்று நாளும் எனக்கு நைட் ஷிஃப்ட் என்பதும், சாயங்காலத்தில் கம்ப்யூட்டரையே யாரும் தொடவில்லை என்பதும் பின்னால்தான் உறைத்தது. நான்காம் நாள் மறுபடி நின்றதும், ரேம்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டி, பழைய டிடிஆர்3 வகை ரேம் ஒன்றைத் தொள்ளாயிரம் கொடுத்து வாங்கிப் போட்டேன். அதுவும் வேலைக்கு ஆகவில்லை.

ரப்பர் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. கடலோர வீடுகளில் அது சில சமயம் உண்மையிலேயே வேலை செய்யும். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ரேமின் பல்வரிசை மங்கும், தொடர்பு சரியாகக் கிடைக்காது, தேய்த்தால் கிடைக்கும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. மாதம் ஒரு தடவை தேய்த்தால் பூச்சே போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, பஞ்சில் நனைத்துத் துடைப்பது மேல். ரேம் மேல் சந்தேகம் என்றால் வாங்குவதற்கு முன் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி ஓட விடலாம். நான் வாங்கிய பிறகு ஓட விட்டேன். பழைய ரேமில் ஒரு பிழைகூட இல்லை.

திருப்பம் என் அம்மாவிடமிருந்து வந்தது. கூடத்தில் அம்மாவின் கட்டிலும் என் மேசையும் பக்கத்துப் பக்கம். பகலில் என் மகள் அதில் பாடம் பார்ப்பாள், ராத்திரி நான். ஆக, அந்தப் பெட்டியை நாள் முழுக்கப் பார்ப்பவர் அம்மா ஒருவர்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன், இன்றைக்கு எத்தனை தடவை ஹேங் ஆச்சு என்று.

“ஹேங்குன்னா இன்னாடா? மத்தியானம் தூங்கிச்சு, அப்பால தானா எழுந்துக்கிச்சு. சாயந்திரம் செத்துப்போச்சு. நீ எதைக் கேக்குற?”

சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வியாதியை ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டு, ஒரே மருந்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். தூங்கினால் “தூ”, செத்தால் “செ”, பக்கத்தில் மணி. அம்மா ஒரு நாள்கூட விடவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால், “தூ” எந்த நேரத்திலும் இருந்தது. “செ” மட்டும் ராத்திரி ஏழிலிருந்து பத்தரைக்குள். அது போக மூன்று தடவை காலை ஆறு மணிக்கு. காலை ஆறு மணிக்குத்தான் கீழ் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போடுவார். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த மாதம். ராத்திரி ஏழுக்கு மேல் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், எங்கள் டியூப் லைட் துடிக்கும். இவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். நோட்டில் வரிசையாகப் பார்க்கும் வரை ஒன்றோடொன்று சேரவில்லை.

முதலில் தூக்கத்தை எடுத்துக்கொண்டேன். தூங்கும்போது மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்காது. கேபினட் முகப்பில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு எரியாமல் ஒரே சீராக எரியும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே விழித்துக்கொள்ளும். இது ஒரு வகை. மவுஸும் நகராமல், கேப்ஸ் லாக்கை அழுத்தினால் கீபோர்டு விளக்கும் மாறாமல், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே எழுத்தில் இழுத்துக்கொண்டு நிற்பது வேறு வகை. அங்கே சூடு, ரேம், கிராஃபிக்ஸ், டிரைவர் என்று தேட வேண்டும். என்னுடையதில் கேப்ஸ் லாக் விளக்கு மாறியது. ஆள் உயிரோடு இருக்கிறார், எதற்கோ காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

எதற்குக் காத்திருக்கிறார் என்பதை விண்டோஸே எழுதி வைத்திருந்தது. ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் என்ற பிரிவில், தூங்கிய அதே நிமிடங்களில் டிஸ்க் என்ற பெயரில் 7, 153 என்ற எண்களோடு பதிவுகள் வரிசையாக இருந்தன. 7 என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் தட்டுப்பட்டது. 153 என்றால் படிக்கவோ எழுதவோ கேட்டது நடக்காமல் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. ‘கரன்ட் பென்டிங் செக்டார்’ என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருந்தது. படிக்க முடியாமல் டிஸ்க் நிலுவையில் வைத்திருக்கும் இடங்கள் அவை. அந்த இடத்தில் ஒரு ஃபைல் மாட்டினால் டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், விண்டோஸ் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அம்மாவின் கண்ணுக்குத் தூக்கம்.

ஃபார்மட் செய்ததும் பத்து நாள் சரியாக இருந்ததன் ரகசியமும் இதில்தான். புதிதாக எழுதும்போது எல்லாமே இடம் மாறி உட்கார்கிறது. நிலுவையில் இருக்கும் இடத்தின் மேல் எழுதப் போனால், டிஸ்க் அதைச் சோதித்து, கெட்டிருந்தால் ஒதுக்கிவிட்டு உதிரி இடத்தைக் கொடுத்துவிடும். அதனால் கொஞ்ச நாள் ஓடும், டிஸ்க் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். இன்னொரு நஷ்டம்: பழைய விண்டோஸ் எழுதி வைத்திருந்த பதிவுகள் அத்தனையும் ஃபார்மட்டில் போயின. சாட்சியை விசாரிப்பதற்கு முன் அவரை ஊரைவிட்டே அனுப்பிய கதை. ஃபார்மட் என்று யாராவது வாயெடுத்தால், முதலில் விண்டோஸிலேயே இருக்கும் ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த நாள் எது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு நாட்காட்டி மாதிரி காட்டும். அதைப் பார்க்கத் தெரியாதவர் கையில் என் பெட்டியை இனி கொடுப்பதாக இல்லை.

டிஸ்க்கில் கோளாறு என்று தெரிந்த பிறகு, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக் டிஸ்க் என்ற விண்டோஸ் கருவியை ஓட விடலாம் என்று கை துறுதுறுக்கும். ஃபைல்களை வெளியே எடுப்பதற்கு முன் அதைச் செய்யக் கூடாது. மூச்சு வாங்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓட வைத்தால் பாதியில் நிரந்தரமாகப் படுத்துவிடலாம். முதலில் நகல். சாதாரணமாக காப்பி, பேஸ்ட் செய்தால் முதல் கெட்ட ஃபைலிலேயே சிக்கிக்கொள்ளும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி நல்லது. ஆனால் அதை அப்படியே விட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலுக்காகப் பத்து லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் முப்பது நொடி காத்திருந்து முயற்சி செய்யும். ஒரே தடவை மறுமுயற்சி, ஒரு நொடி காத்திருப்பு என்று சொல்லிவிட வேண்டும். வேலைக் கோப்புகள் முதலில், அப்புறம் போட்டோக்கள், கடைசியில் மற்றவை. மொத்தத்தில் வராமல் போனது ஒரே ஒரு ஃபோல்டர்: பழைய மின்கட்டண ரசீதுகளின் ஸ்கேன். எதற்காக அதைச் சேர்த்து வைத்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட எஸ்எஸ்டி வாங்கப் போனேன். மெட்ரோவில் ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். பழைய கம்ப்யூட்டருக்கு விலை கூடிய வகை தேவையில்லை. ஹார்ட் டிஸ்க் இருந்த அதே சாட்டா கேபிளில் மாட்டும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி போதும். 240 ஜிபி வாங்கினேன். விண்டோஸ் ஏற்றியதும் தூக்கம் அடியோடு நின்றது. நோட்டில் “தூ” அதன் பிறகு வரவே இல்லை.

“செ” வந்துகொண்டேதான் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அணைந்து எழுந்த பிறகு ஈவன்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக ஒன்று நிற்கும். அதைத் தேடிப் படித்து ஆயிரம் பேர் ஆயிரம் வைத்தியம் சொல்வார்கள். அது காரணம் அல்ல, செய்தி. ‘போன தடவை என்னை முறைப்படி மூடவில்லை’ என்று விண்டோஸ் புகார் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்குள்ளே விவரத்தில் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கும். அதில் எண் இருந்தால், பெரிய பிழையில் விண்டோஸ் காட்டும் நீலத் திரை வந்து விழுந்திருக்கிறது. டிரைவர், ரேம் பக்கம் போகலாம். பூஜ்யமாக இருந்தால், என்ன நடந்தது என்று எழுதி வைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. சூட்டில் அணைந்தாலும் இப்படி இருக்கும். ஆனால் மின்சாரத்தில்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். என்னுடையது எல்லாமே பூஜ்யம்.

மின்சாரமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, கரன்ட் போனாலே அணையக் கூடாதே? அப்படித்தான் நானும் நினைத்தேன். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது என்பதை அதை வாங்கிய ஆறு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் யுபிஎஸ், மறு பக்கம் நார்மல். யுபிஎஸ் பக்கம் இருந்தால் வெளியே வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனதும் பேட்டரிக்கு மாறிவிடும், மாறுவதும் கண் இமைப்பதற்குள் நடக்கும். நார்மல் பக்கம் இருந்தால் நூறு, நூற்றுப் பத்து வரை சரிந்தாலும் அதை அப்படியே வீட்டுக்குள் அனுப்பும், மாறுவதற்கும் கூடுதல் நேரம் எடுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. எங்களுடையது நார்மலில் இருந்தது.

சோதனை எளிது. எஸ்எஸ்டி போட்ட பிறகு, எந்த வேலையும் திறக்காமல், மெயினை அணைத்துப் பார்த்தேன். நார்மலில் வைத்து அணைத்தால் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் செத்தது. யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு அணைத்தால் பத்தில் எட்டு தடவை பிழைத்தது. மிச்சம் இரண்டு?

அது எஸ்எம்பிஎஸ், கேபினட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு நின்றாலும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சேர்த்து வைத்ததைக் கொண்டு சமாளிக்க வேண்டும். நல்ல நிலையில் பதினாறு, பதினேழு மில்லி செகண்ட் தாங்கும். வயசானால் அந்த மூச்சு குறையும். டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். இரண்டு கெப்பாசிட்டரின் தலை, சுட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அதற்கு மேல் திறக்கவில்லை, நீங்களும் திறக்க வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் என்பது மாற்றும் பொருள், வீட்டில் பிரித்து மேயும் பொருள் அல்ல.

புதிது வாங்கும்போது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பன்னிரண்டால் பெருக்கினால் பெரும்பாலும் அதுதான் உண்மையான பலம். 450 என்று அச்சடித்த ஒன்றில் 16 ஆம்பியர் போட்டிருந்தது; 192 வாட்ஸ்தான் வருகிறது. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது, காலி டிபன் பாக்ஸ் கனம். கடைக்காரரிடம் கேட்டால், “எல்லாரும் இதத்தான் சார் வாங்குறாங்க” என்றார். நான் வேறு கடைக்குப் போனேன்.

மாட்டுவதற்காகக் கேபினட்டைத் திறந்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று முழுசாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தூசு வேறு மாதிரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இரவு பகலாக கன்டெய்னர் லாரிகள், அதன் கருப்புப் பொடி, மேலே கடல் ஈரம். இரண்டும் சேர்ந்து பிராசஸர் ஃபேனுக்குக் கீழே கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஸ்க்ரூக்களில் துரு. மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடு. ஊதினால் போகாது, பெயின்ட் பிரஷ்ஷால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். பிளோயர் அடிப்பதாக இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், இல்லாவிட்டால் கண்மண் தெரியாமல் சுழன்று பேரிங் போகும். பிராசஸர் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். எக்ஸெலும் பிரவுசரும் ஓடும்போது தொண்ணூறைத் தொட்ட சூடு எழுபதுக்குக் கீழே வந்தது. என் வியாதிக்குத் தூசு காரணம் இல்லை. ஆனால் இன்னொரு கோடையில் ஆகியிருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்து, அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். கேபினட் ஓரத்தைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“இன்னும் கிள்ளிக்கினுதான் கீது.”

“இன்னுமா? எப்பலேர்ந்து கிள்ளுது?”

“அது வாங்கினதுலேர்ந்து கிள்ளுது. நீ கேக்கவே இல்லையே.”

நான் எப்போதும் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அம்மா வெறுங்காலில் தரையில் நின்று தூசு தட்டுபவர். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு ஒவ்வொரு சின்ன கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், இரைச்சலை வடிகட்ட. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் மொத்தமும் பாதி வோல்டேஜில், நூற்றுப் பதினைந்து போல, மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு, அதனால்தான் கிள்ளல். ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுதானால் காப்பாற்ற எர்த் இல்லை என்பதற்கு அதுதான் முன்னறிவிப்பு. எலக்ட்ரீஷியன் வந்து போர்டைக் கழற்றினார். சாக்கெட்டில் மூன்று ஓட்டை, பின்னால் வயர் இரண்டுதான். எர்த் இழுக்காமலே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இழுத்துக் கொடுத்தார். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே முழு வோல்டேஜும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டும் காட்டினால் சரி என்றார். காட்டியது.

அவரிடமே இன்வெர்ட்டர் ஸ்விட்ச் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். போன வருடக் கோடையில், சாயங்காலமெல்லாம் வோல்டேஜ் குறைந்து இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்ப் போய் வர, பத்து மணிக்கு நிஜமாகக் கரன்ட் போகும்போது பேட்டரி காலியாகி ஃபேன் நின்றிருக்கிறது. அம்மா அவரைக் கூப்பிட்டு, ராத்திரி ஃபேன் நிற்காத மாதிரி ஏதாவது செய் என்றிருக்கிறார். அவர் ஸ்விட்சை நார்மலுக்குத் தள்ளியிருக்கிறார். ஃபேனுக்கு அது சரியான முடிவுதான். போன வருடம் கம்ப்யூட்டர் தாக்குப் பிடித்தது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அப்போது மூச்சு மிச்சமிருந்ததால் இருக்கும்.

ஆகவே இன்வெர்ட்டரை அம்மாவுக்கே விட்டுவிட்டேன், நார்மலில். கம்ப்யூட்டருக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கி மேசைக்கடியில் வைத்தேன். வோல்டேஜ் நூற்றைம்பது அளவுக்குச் சரிந்தாலும் பேட்டரியைத் தொடாமல் தானே ஏற்றிக் கொடுக்கும் வகை. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். முதல் ராத்திரி எட்டரைக்கு டியூப் லைட் வழக்கம்போலத் துடித்தது, அப்புறம் கரன்டே போனது. கம்ப்யூட்டர் அசையவில்லை. யுபிஎஸ் மட்டும் பீப் பீப் என்றது.

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நோட்டை எடுத்தார்.

“இதுக்கு இன்னா எழுதுறது? கத்திக்கினு கீதே.”